பதினேழாவது கேள்வி

அத்தியாயம் 11

போன வாரம் குட்டியைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் லேப்டாப். இன்னொரு பக்கம் ஏழு பள்ளிக்கூடங்களிலிருந்து வாங்கி வந்த படிவக் கட்டுகள். நடுவில் ஆறிப்போன காபி.

முப்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கே திரும்பியவள், நாலு வருடமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டுகிறாள் என்பதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இவ்வளவு போதும்.

ஆராய்ச்சியும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பாடம் புரியவில்லை என்றால் பிள்ளைகள் எழுந்து கேட்கிறார்களா, இல்லை பயந்துகொண்டு வாயை மூடிக்கொள்கிறார்களா? அதைத் தெரிந்துகொள்ள இருபத்து நாலு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்: எப்போதும், பல முறை, சில நேரம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை. பிள்ளைகள் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை.

ஆறு பள்ளிகளின் விடைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. காலையில் எழுந்து கடைசிக் கட்டைப் பிரித்தாள். அது அண்ணியின் வகுப்பு.

முதல் படிவத்தைப் பார்த்துத் தட்டினாள். இரண்டாவதைத் தட்டினாள். நாலாவதுக்கு வரும்போது பார்க்கவே தேவைப்படவில்லை, விரல் தானாக ஓடியது. சந்தேகம் வந்து மொத்தக் கட்டையும் சீட்டுக்கட்டு போல விரித்துப் பார்த்தாள். முப்பத்தெட்டுப் படிவங்களிலும் டிக் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அண்ணி கூடத்தில் சிட்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிட்டு அவளுடைய மகள், பன்னிரண்டு வயது. படிப்பது அம்மாவின் வகுப்பிலேயே. பள்ளி வாசலைத் தாண்டினால் அம்மா என்று கூப்பிடக் கூடாது, எல்லாரையும் போல மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணி போட்ட சட்டம் அது.

"அண்ணி, உங்க கிளாஸ்ல முப்பத்தெட்டு பேரும் ஒரே மாதிரி டிக் பண்ணியிருக்காங்க."

அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணுகூடத் தப்பு இல்லையே?"

"தப்புன்னா?"

"நான்தான் போர்டுல எழுதிப் போட்டேனே. முதல் கேள்விக்கு முதல் கட்டம், மூணாவதுக்குக் கடைசிக் கட்டம்னு வரிசையா. அப்புறம் பெஞ்ச் பெஞ்சா போய்ச் சரி பார்த்தேன். நாலு பேர் மாத்திப் போட்டிருந்தாங்க. அழிச்சிட்டு ஒழுங்கா போட வெச்சேன்."

குட்டி கையிலிருந்த கட்டை மேஜையில் வைத்தாள்.

"மத்த ஸ்கூல்ல எப்படியோ எனக்குத் தெரியாது. எங்க ஸ்கூல்ல உனக்கு நூத்துக்கு நூறு வரணும்ல?" என்றாள் அண்ணி, மகளின் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே.

கேலிக்குச் சொல்லவில்லை. சத்தியமாகவே அப்படித்தான் நினைத்தாள். இருபது வருடமாகப் பரீட்சைத் தாள் கொடுத்து வாங்கிய கை அது. அந்தக் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் அதற்குச் சரியான விடை என்று ஒன்று இருந்தே தீர வேண்டும்.

கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டான். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். "டாக்டரம்மா, உனக்கு லைசென்ஸ் கிடைச்ச மாதிரிதான்."

குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. படிவம் எழுதும்போது வகுப்பு ஆசிரியர் அறையில் இருக்கக் கூடாது என்று தன் ஆய்வேட்டில் எழுதியவளே அவள்தான். அன்றைக்குப் பார்த்து இரண்டு பள்ளிகள் ஒரே நாளில் விழுந்தன. "நான் குடுத்து வாங்கிட்டு வரேன், இதுக்குப் போய் ரெண்டு பஸ் மாறி அலைவியா" என்று அண்ணி சொன்னாள். சரி என்று கட்டைத் தூக்கிக் கொடுத்தது யார்? அந்த எரிச்சல் எல்லாம் தன் மேல் வர வேண்டியது. வந்தது என்னவோ அண்ணி மேல்தான்.

"அண்ணி, பதினேழாவது கேள்வி ஞாபகம் இருக்கா? 'உன் வகுப்பு ஆசிரியர் உன்னை அடித்ததுண்டா?'"

"இருக்கு."

"எல்லாரும் ஒருபோதும் இல்லைன்னு போட்டிருக்காங்க."

"ஆமா. நான்தான் போடச் சொன்னேன்."

"அது உண்மையா?"

சீப்பு நின்றது. சிட்டு குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"உண்மை வேணும்னா என்னைக் கேளு. அதுங்களைக் கேட்டா அதுங்களுக்கு என்ன தெரியும்?"

"அடி வாங்குறது அதுங்கதானே அண்ணி."

கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டாள். அண்ணி ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்றாகச் சுற்றினாள், சிட்டு வலியில் கண்ணைச் சுருக்கினாள்.

"சரி, இப்ப என்ன பண்ணப் போற? இதை அப்படியே போட்டுக்கோ."

"போட்டா பொய். போடாம தூக்கிட்டா, ஏன் தூக்கினேன்னு காரணம் எழுதணும்."

"என்னன்னு எழுதுவ?"

"வகுப்பு ஆசிரியரே விடை சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு."

"அதை ஹெட்மாஸ்டர் படிப்பாரா?"

படிப்பார் என்று குட்டிக்குத் தெரியும். ஆய்வு முடிந்ததும் பள்ளி அறிக்கையில் ஒரு காப்பி தனக்குத் தர வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவர் அனுமதியே கொடுத்திருந்தார். இந்த விடுமுறையில்தான் உதவித் தலைமையாசிரியர் யார் என்று அவர் முடிவு செய்யப் போகிறார். பட்டியலில் அண்ணிதான் முதல் ஆள். பதினோரு வருடமாகக் காத்திருக்கிறாள்.

"நல்லா இருக்குடி. உனக்கு உதவி பண்ணப் போய் என் வேலைக்கே உலை வெச்சுட்ட."

"வேலைக்கு ஒண்ணும் ஆகாது அண்ணி."

"உனக்கு என்ன தெரியும்?"

அண்ணி பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். சிட்டு செருப்பை மாட்டியபடியே அத்தையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அப்போது குட்டி கவனித்திருந்தால் மீதி நாள் வேறு மாதிரி போயிருக்கும்.

* * *

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு மேடம் போனில் சுற்றி வளைக்கவில்லை.

"ஏழு ஸ்கூல்னு கமிட்டிக்கு எழுதிக் குடுத்தாச்சு. ஆறோட போய் நிக்க முடியாது. திரும்ப எடு."

"மேடம், நாளையிலிருந்து லீவு."

"அப்ப இன்னைக்கே எடு. நீ கிளாஸ்ல இரு, அந்த டீச்சர் வெளிய இருக்கட்டும். யார் அந்த டீச்சர்?"

"எங்க அண்ணிதான் மேடம்."

"சொந்தக்காரங்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணாதன்னு நான் யார் கிட்ட சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

புதுப் படிவங்களைக் கடையில் காப்பி எடுத்துக்கொண்டு, ஒரு அட்டைப் பெட்டியின் மேல்பக்கத்தைப் பிளேடால் கீறி ஓட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். முதலிலேயே மாறியிருக்க வேண்டிய பஸ்கள்.

ஹெட்மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் மோசம். ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டே எழுந்து, அவளையும் கூட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தார். இடைவேளை நேரம். ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க பீரியடை இவங்களுக்குக் குடுத்துடுங்க. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. பிள்ளைங்க சொந்தமா எழுதட்டும்."

சொந்தமா என்ற வார்த்தையை அவர் அழுத்தவே இல்லை. ஆனாலும் அறையில் அது எல்லார் காதிலும் விழுந்தது. கணக்கு டீச்சர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார். ஓவிய வாத்தியார் இருமினார். அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

"சரிங்க சார்" என்றாள். குட்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

குட்டிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அம்மா போன பிறகு ஒன்பது வயதுப் பெண்ணை வளர்த்து ஆளாக்கினவள் இந்த அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில் மற்றப் பெண்கள் சினிமாவுக்குப் போவார்கள், இவள் நாத்தனாருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள். குட்டி புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்து நின்றபோது, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவள். அவளை ஊரார் முன்னால் குற்றவாளி மாதிரி வெளியே நிற்க வைத்தாகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கம் பிள்ளைகள் கும்பலாகக் கூடியிருந்தார்கள். நடுவில் சிட்டு. ஏதோ விளையாட்டுக்கு ஆள் பிரிக்கிறார்கள் என்று குட்டி நினைத்துக்கொண்டாள். ஒவ்வொருவரிடமும் சிட்டு ஏதோ சொல்ல, அவர்கள் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது.

* * *

வகுப்பு பளிச்சென்று இருந்தது. சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த வரைபடங்கள், ஜன்னலோரம் கண்ணாடி பாட்டிலில் வளர்த்த செடிகள், கரும்பலகையில் முத்து முத்தான எழுத்து. அண்ணி நல்ல டீச்சர் என்று யாரும் குட்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேஜையின் மேல் மர ஸ்கேல் ஒன்று கிடந்தது. பெட்டியை வைக்க இடம் வேண்டும் என்று அதைக் கையில் எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், முன் பெஞ்சில் ஐந்து பேரின் இடது கைகள் டெஸ்க்குக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. யாரும் யோசித்துச் செய்யவில்லை. தூசி விழ வந்தால் கண் மூடிக்கொள்வதைப் போல நடந்தது.

குட்டி ஸ்கேலை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"இன்னைக்கும் போர்டுல எழுதிப் போடுவீங்களா மிஸ்?" என்று கேட்டாள் ஜன்னலோரத்துப் பெண். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வகுப்பில் ரேடியோ என்று பெயர்.

"இல்ல. இதுல சரி, தப்பு எதுவும் கிடையாது. உங்களுக்குத் தோணுறதைப் போடுங்க."

"அப்ப மார்க்?"

"மார்க்கும் கிடையாது."

"அப்புறம் எதுக்கு மிஸ் எழுதணும்?"

"நீங்க நினைக்கிறது எங்களுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க?"

நாலு வருட ஆராய்ச்சியில் கமிட்டிகூட இப்படி நறுக்கென்று கேட்டதில்லை. என்னவோ சொல்லிச் சமாளித்தாள்.

"பேர் எழுதாதீங்க. முடிச்சதும் மடிச்சு நீங்களே இந்தப் பெட்டிக்குள்ள போடுங்க. யார் என்ன போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இது சத்தியம்."

சிட்டு மூன்றாவது பெஞ்சிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தாழ்வாரத்தில் அண்ணியின் செருப்புச் சத்தம் அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு வந்தது. சத்தம் கதவருகே வரும்போதெல்லாம் பேனாக்கள் நின்றன. போனதும் மறுபடி ஓடின.

* * *

பள்ளி விட்ட பிறகு, காலி வகுப்பிலேயே உட்கார்ந்து பெட்டியைக் கவிழ்த்தாள்.

இந்தத் தடவை விடைகள் கலந்துகட்டி இருந்தன. ஒருவர் 'எப்போதும்' என்றால் இன்னொருவர் 'எப்போதாவது' என்றிருந்தார். புரியாவிட்டால் எழுந்து கேட்பேன் என்பதற்குப் பாதிக்கு மேல் 'ஒருபோதும் இல்லை'. அண்ணிக்கு இது தெரிந்தால் மனசு ஒடிந்துபோகும். ஆனால் உண்மையான விடைகள், நம்பிப் பயன்படுத்தலாம். குட்டிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

பிறகு பதினேழாவதுக்கு வந்தாள்.

ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை.

மற்ற இருபத்து மூன்றிலும் ஆளுக்கொரு பக்கம் போனவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்டத்தில் வந்து நின்றார்கள். ஸ்கேலைக் கண்டதும் கையை ஒளித்துக்கொண்ட அதே பிள்ளைகள்தான். திரும்ப எண்ணினாள். முப்பத்தேழு பேர் 'ஒருபோதும் இல்லை'. ஒரே ஒரு படிவத்தில் மட்டும் 'பல முறை' என்ற கட்டத்தில் டிக். பேனாவை அழுத்தின அழுத்தலில் தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது.

அண்ணிக்கு ஸ்டாஃப் மீட்டிங். அதனால் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு குட்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். சிட்டுவே ஆரம்பித்தாள்.

"அம்மாவுக்கு வேலை போயிடுமா அத்தை?"

"சே, யாரு சொன்னா?"

"காலையில அம்மாவே சொன்னாங்களே. அதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். பதினேழாவதுக்கு ஒருபோதும் இல்லைன்னு போடுங்க, இல்லன்னா மிஸ்ஸை வேலையை விட்டு எடுத்துடுவாங்கன்னு. ரேடியோ மட்டும் ரொம்ப யோசிச்சா. அப்புறம் அவளும் சரின்னுட்டா."

தண்ணீர்க் குழாய்க் கும்பல் குட்டிக்கு இப்போதுதான் புரிந்தது. அண்ணி போர்டில் எழுதினாள், மகள் குழாயடியில் சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"உன்னை அடிப்பாங்களா சிட்டு?" ஆராய்ச்சிக்காக இல்லை, அத்தையாகக் கேட்டாள்.

"ஹோம்வொர்க் பார்க்கும்போது என்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க."

"நீ எழுதாம போனா?"

"எழுதிட்டுத்தான் போவேன். எழுதியிருந்தா கையெழுத்து சரியில்லைன்னு ஒண்ணு விழும். இடது கையிலதான். வலது கையில எழுதணும்ல." சிட்டு பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "'என் பொண்ணுக்கே இந்த கதின்னா உங்களுக்கு என்னன்னு பார்த்துக்கோங்க'ன்னு சொல்லுவாங்க. அப்புறம் மத்தவங்களை மெதுவாத்தான் அடிப்பாங்க."

டீச்சர் தன் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. அதற்கு அண்ணி கண்டுபிடித்த வழி இது.

"முப்பத்தேழு பேரை உண்மையைப் போடாதீங்கன்னு சொன்னவ, நீ..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அவங்க எல்லாம் சொல்லக் கூடாது அத்தை." சிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் சொல்லலாம். என் அம்மாதானே?"

பஸ் வருவது தெரிந்தது.

"யாருக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணீங்கல்ல?"

"பண்ணேன்."

"உங்களுக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றாள் குட்டி.

* * *

அண்ணி வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பையை நாற்காலியில் போட்டாள். செருப்பைக் கழற்றினாள். கை கால் கழுவி வந்து, மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன போட்டிருக்குதுங்க?"

"அண்ணி, அதையெல்லாம் நான் சொல்லக் கூடாது."

"என்னை வெளிய நிக்க வெச்சே எழுதி வாங்கிட்ட. இனிமே என்ன சொல்லக் கூடாது? அந்தப் பதினேழு மட்டும் சொல்லு. இன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கலை."

பாவமாக இருந்தது. நல்ல சேதிதானே, சொன்னால் என்ன என்று தோன்றியது. காலையில் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு அடுத்து, அவள் அன்றைக்குச் செய்த இரண்டாவது தப்பு அது.

"முப்பத்தேழு பேர் ஒருபோதும் இல்லைன்னு போட்டிருக்காங்க."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பார்த்தியா? போர்டுல எழுதாமலேயே! நான் பக்கத்துல இல்லாமலேயே!" உள்ளே இருந்த அண்ணனைக் கூப்பிட்டாள். "என்னங்க, கேட்டீங்களா? அதுங்களுக்குத் தெரியுதுங்க. ரெண்டு தட்டு தட்டினாலும் அது அடி இல்லைன்னு அதுங்களுக்கே தெரியுது. இந்தப் படிச்ச மேதாவிக்குத்தான் தெரியலை."

குட்டி லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு கூடத்து மூலையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பக்கம் புரளவில்லை.

அண்ணி எழுந்து காபிக்குப் பாலை வைத்தாள். இரண்டு நிமிடம் சமையலறையில் பாத்திரச் சத்தம்கூடச் சந்தோஷமாகக் கேட்டது. பிறகு நின்றது. வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு எல்லாரும் வந்திருந்தாங்களே. முப்பத்தெட்டு."

குட்டி லேப்டாப்பை மூடினாள்.

"அந்த ஒண்ணு என்ன போட்டிருக்கு?"

"விடுங்க அண்ணி."

"பல முறைன்னு போட்டிருக்கா?"

பதில் வராததே பதிலாகிவிட்டது.

"யாரு?"

"பேர் கிடையாது."

"எனக்குத் தெரியும் யாருன்னு. அந்த ரேடியோ. அவ வாய்க்கு வேற யாரு? அப்பன்காரன் வந்து கெஞ்சினான்னு போன வருஷம் அவளைப் பாஸ் போட்டுத் தூக்கிவிட்டேன், எனக்கு நல்லா வேணும். லீவு முடிஞ்சு வரட்டும், அந்த வாயை ஒரு வழி பண்றேன்."

"அண்ணி, அந்தப் பொண்ணு இல்ல."

"அப்ப யாருன்னு உனக்குத் தெரியுது."

மாட்டிக்கொண்டாள். "தெரியாது" என்றாள். அவளுக்கே அது எடுபடவில்லை.

அண்ணி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. இந்தக் குரலைத்தான் குட்டியால் தாங்க முடியாது.

"ஒரே ஒரு பேப்பர். அதை எடுத்துடு. ஒரு பிள்ளை லீவுன்னு எழுதிக்கோ. அப்புறம் ஹெட்மாஸ்டர்கிட்ட காப்பியைத் தாராளமா குடு. நான் உன்கிட்ட இத்தனை வருஷத்துல எதையாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"இப்பக் கேட்கிறேன்."

அண்ணன் துண்டோடு வந்து நின்றான். கற்றுக்கொள்பவன் ஓட்டும் வண்டியில் அவன் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். "ஒரு பேப்பர்தானே குட்டி. எடுத்துப் போட்டுட்டு வேலையைப் பாரு. ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

"அது பேப்பர் இல்லண்ணா. ஒரு பிள்ளை. முப்பத்தெட்டுல அது ஒண்ணுதான் உண்மையைச் சொல்லியிருக்கு."

அண்ணி விருட்டென்று எழுந்துவிட்டாள்.

"அப்ப என் முப்பத்தேழும் பொய்யா? அதையும் சொல்லிடு. உன்னையும் அடிச்சுத்தான்டி படிக்க வெச்சேன். நீ என்ன கெட்டா போயிட்ட? இன்னைக்கு டாக்டர் பட்டம் வரைக்கும் வந்து நிக்கிற. அது எதுல வந்துச்சு?"

குட்டி தன்னையறியாமல் இடது கையை மூடிக்கொண்டாள். அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பதினேழாவது கேள்வியை ஏன் வெச்ச? உண்மையைச் சொல்லு. என்னை நினைச்சுத்தானே வெச்ச?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. கைடு சொன்னார், வெளிநாட்டுக்காரன் புத்தகத்தில் இருந்தது என்று எத்தனையோ சொல்லலாம். இருபத்து நாலு கேள்விகளில் கைடு மேடம் ஒரு எழுத்துகூடத் திருத்தாத கேள்வி அதுதான். முதன்முதலாக எழுதியதும் அதைத்தான். மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றித்தான் எழுதினாள்.

"அடிப்பாவி" என்றாள் அண்ணி. திட்டுவது போலவே இல்லை. "பெத்த பொண்ணு மாதிரி வளர்த்தேனேடி."

அப்போதுதான் மூலையில் புத்தகம் மூடும் சத்தம் கேட்டது.

சிட்டு எழுந்து வந்தாள். அத்தையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்க்கவில்லை. நேராக அம்மாவுக்கு முன்னால் வந்து, கால்களைச் சேர்த்து வைத்து, வகுப்பில் நிற்பது போல நின்றாள்.

"ரேடியோ இல்ல" என்றாள்.

"நீ உள்ள போ. பெரியவங்க பேசும்போது..."

சிட்டு போகவில்லை. இடது கையை நீட்டி உள்ளங்கையை மேலே விரித்தாள். நடுங்காமல் பிடித்துக்கொள்ள அந்தக் கைக்குப் பழக்கம் இருந்தது.

"என்னடி இது?"

அண்ணிக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாடை வந்தது. யாரும் நகரவில்லை.

பள்ளி வாசலுக்கு இந்தப் பக்கம், சொந்த வீட்டுக் கூடத்தில், சிட்டு முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள்.

"மிஸ்" என்றாள்.